அலைன்மென்ட் பார்த்தும் வண்டி இழுக்கிறதே! – வாசகர் கேள்வி பதில்

மழை முடிந்து ரோடெல்லாம் பள்ளமாகிக் கிடக்கிற நேரம் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீல் அலைன்மென்ட் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

என் ஸ்விஃப்ட் ஐந்து வருஷ வண்டி. போன மாதம் முன்னால் இரண்டு டயரும் புதுசு போட்டேன். அன்றிலிருந்து திருச்சி ரோட்டில் எண்பதைத் தாண்டினால் இடது பக்கம் இழுக்கிறது. இரண்டு கடையில் 3டி அலைன்மென்ட் பார்த்தாயிற்று, எல்லாம் பச்சையில் இருக்கிறது என்று பேப்பரைக் காட்டுகிறார்கள். மெஷின் பொய் சொல்கிறதா? – விழுப்புரம் வாசகர்

மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கும். துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: புது டயர் போட்ட அன்றிலிருந்து இழுக்கிறது என்கிறீர்கள். அலைன்மென்ட் மெஷின் சக்கரம் நிற்கிற கோணத்தை அளக்கும், டயருக்கு உள்ளே என்ன கோளாறு என்று அதற்குத் தெரியாது. ரேடியல் டயரில் பட்டனுக்கு (ரோட்டில் பதிகிற ரப்பர்க் கட்டைகளுக்கு) அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றி ஓடும். தயாரிக்கும்போதே அந்தப் பட்டை ஒரு ஓரமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டால், வெளியே பார்க்க உருண்டையாக இருக்கிற டயர் ஓட்டத்தில் கூம்பு போல நடந்துகொண்டு ஒரு பக்கமாகவே போகப் பார்க்கும். புது டயரிலும் இது வரும், பெரிய கம்பெனி டயரிலும் வரும்.

கண்டுபிடிக்க மெஷினே வேண்டாம். முன்பக்க டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலது பக்கம் மாறினால் டயர்தான். இழுப்பு காணாமலே போனாலும் டயர்தான். அப்போதும் இடது பக்கமே இழுத்தால் டயரை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாம். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் இடம் வலம் மாற்றாமல், அதே பக்கத்துப் பின் டயரோடு மாற்றிப் பாருங்கள். டயர்தான் என்று தெரிந்துவிட்டால் பில்லை எடுத்துக்கொண்டு வாங்கின கடைக்கே போய் மாற்றித் தரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். மாற்றித் தர மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த ஜோடியைப் பின்னால் போட்டுவிடுங்கள், பின்பக்கம் இருக்கும்போது ஸ்டீயரிங்கில் அநேகமாகத் தெரியாது.

டயர் இல்லை என்றால்? டயர் சூடேறாதபோது இரண்டு பக்கக் காற்றும் ஒரே அளவா என்று பாருங்கள். அப்புறம் பிரேக். பேடை அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) துருப்பிடித்து இறுகிவிட்டால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், பிரேக் அதிகம் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எது சூடு என்று தெரிந்துவிடும் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). அதுவும் சரி என்றால்தான் கேஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்), கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம், வெளியே சாய்ந்தால் பிளஸ், உள்ளே சாய்ந்தால் மைனஸ்) கணக்கு. கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ்ஸில் அதிகமோ அந்தப் பக்கம் வண்டி போகும், கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போகும். பேப்பரில் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பச்சையாக இருந்தாலும், இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஓட்டும்போது தெரியும். பச்சை நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோடும் இடது ஓரத்தை நோக்கித்தான் சரிந்திருக்கும். ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி மெதுவாக இடது பக்கம் நகர்வது அதனால்கூட இருக்கலாம். ஆள் நடமாட்டமில்லாத மட்டமான இடம் கிடைத்தால் ஒரே கோட்டில் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள், இரண்டு திசையிலும் இடது பக்கமே போனால்தான் அது வண்டியின் கோளாறு.

வேகன்ஆர். பதினாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சர்வீஸில் தூக்கிக் காட்டியபோதுதான் பார்த்தேன், முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மொட்டையாகிவிட்டது, வெளி ஓரம் புதுசு மாதிரி இருக்கிறது. கேம்பர் போய்விட்டது என்கிறார்கள். அப்படித்தானா சார்? – மதுரை வாசகி

இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது கேம்பரை அல்ல, டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணத்தை. காரணம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்து கேம்பர் கெட்டால் பொதுவாக விழுந்த பக்கம்தான் கெடும். டோ கெட்டால் ரோட்டில் ஓடும்போது இரண்டு சக்கரமும் அந்தக் கோணலைப் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் இரண்டும் சேர்ந்து தேயும். இதே காரணத்தால்தான் டோ மட்டும் கெட்டால் வண்டி பொதுவாக ஒரு பக்கம் இழுக்காது, ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாமலே டயர் போய்விடும்.

செருப்புத் தேய்மானத்தைப் பார்த்து நடையைச் சொல்வதுபோல டயரைத் தடவியே இதைச் சொல்லிவிடலாம். வண்டியை நிறுத்தி, பட்டனின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள் (கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற டயரில் வேண்டாம், கை கிழியும்). ஒரு திசையில் வழவழவென்று போய், எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் தட்டினால் டோ. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது தட்டினால் சக்கரங்களின் முன்பக்கம் விரிந்து நிற்கிறது, அதாவது டோ அவுட். உள்ளிருந்து வெளியே வரும்போது தட்டினால் டோ இன், அதில் வெளி ஓரம்தான் அதிகம் தேயும். இரண்டு திசையிலும் வழவழப்பாகவே இருந்து ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அப்போது கேம்பர் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

சின்னக் கோணல்தானே என்று தோன்றும். உங்கள் டயரின் விட்டம் சுமார் 600 மி.மீ. அதன் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் வெறும் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று கணக்கு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர்! ரப்பர் என்ன செய்யும், பாவம்.

இப்போது முக்கியமான விஷயம். டோ தானாகக் கெடாது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு கம்பியின் நுனிகளான டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்டில் ஆட்டம் வந்திருக்கலாம், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை இரண்டு பக்கமும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கிற இடத்தில், பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். அங்கே லொடலொடவென்றால் டை ராடு பக்கம் ஆட்டம். பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினால் தெரிவது பால் ஜாயின்ட், இல்லையென்றால் வீல் பேரிங். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்த்தால் கடையில் பச்சையாக இருக்கும், முதல் வேகத்தடையைத் தாண்டியதும் பழைய கதைதான்.

டயரை மாற்றத்தான் வேண்டும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது என்பது சட்டம். வெளி ஓரம் நன்றாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், வெடிப்பது உள் ஓரத்தில்தான். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர். அலைன்மென்டுக்கும் இந்த மூன்றுக்கும் சம்பந்தமில்லை.

தொண்ணூறில் போனால் ஸ்டீயரிங் உதறுகிறது, நூறைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. அலைன்மென்ட் பார்க்கலாமா? – தர்மபுரி வாசகர்

வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் வந்து குறிப்பிட்ட வேகத்தில் போகிற உதறல் வீல் பேலன்சிங். ரிம்மில் ஒட்டியிருந்த ஈயம் விழுந்திருக்கும், அல்லது ரிம் பெண்டாகியிருக்கும். பேலன்சிங் போடும்போது மெஷினில் சக்கரம் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், ரிம் விளிம்பு நெளிந்தால் கண்ணுக்கே தெரியும். பிரேக் போடும்போது மட்டும் உதறினால் அது டிஸ்க், வேறு கதை.

அலைன்மென்ட் முடித்து வெளியே வந்தால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. திரும்பப் போய்க் கேட்டேன். "ஸ்டீயரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார். மாட்டச் சொல்லலாமா? – காரைக்குடி வாசகர்

தயவுசெய்து வேண்டாம். ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது, அதற்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று சுருட்டி வைத்த மெல்லிய ஒயர்ப் பட்டை இருக்கிறது, கண்டபடி சுற்றினால் அது அறுந்து ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்து போகும். அவர் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரண வேலை. ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டுக் கம்பி போட்டு, இரண்டு பக்க டை ராடுகளையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். மொத்த டோ சரியாக வந்தால் போதும் என்று ஒரு பக்கத்தை மட்டும் திருகியிருக்கிறார், அதனால்தான் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் எவ்வளவு நீட்டுகிறாரோ மறுபக்கம் அதே அளவு குறைத்தால் மொத்த டோ மாறாமல் ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிடும். ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா, லாக் நட்டை இறுக்கினாரா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் செய்தும் சாய்ந்தே நின்றால் பின் சக்கரங்களின் அளவைக் கேளுங்கள். பேப்பரில் த்ரஸ்ட் ஆங்கிள் என்று ஒரு வரி இருக்கும். பின் ஆக்சில் கோணலாக இருந்தால் வண்டியின் பின்புறம் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு வரும், அதைச் சமாளிக்க நீங்கள் ஸ்டீயரிங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நம் ஊர்ச் சின்ன கார்களில் பின்னால் ஒரே துண்டாக டார்ஷன் பீம்தான், திருகிச் சரிசெய்ய அதில் எதுவும் இல்லை. பீம் புஷ்ஷையும், எப்போதாவது பின்னால் அடிபட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாலத்து முனையில் பெரிய பள்ளத்தில் இடது முன் சக்கரம் விழுந்தது. அலைன்மென்டில் இடது கேம்பர் சிவப்பு. "ஹைட்ராலிக் வைத்து அழுத்தி எடுத்துவிடலாம், பார்ட்ஸ் எதுவும் மாற்ற வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். கம்பெனி சர்வீஸில் ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், நக்கிள் மூன்றும் மாற்ற வேண்டும் என்று பெரிய எஸ்டிமேட். யார் சொல்வதைக் கேட்பது? – கும்பகோணம் வாசகர்

இப்போதைக்கு இரண்டு பேரையும் நிறுத்தி வையுங்கள். எது வளைந்தது என்று இருவருமே கண்டுபிடிக்கவில்லை, ஒருவர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்கிறார்.

முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இருக்கிற கார்களில், அதாவது நம் ரோட்டில் ஓடுகிற ஹேட்ச்பேக், செடான் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும், கம்பெனி கொடுத்திருக்கிற ஒரே அட்ஜஸ்ட்மென்ட் டோதான். கேம்பரும் கேஸ்டரும் பாகங்கள் நேராக இருந்தால் தானாக அமைகிற அளவுகள். அது சிவப்புக்குப் போனால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது இடம் நகர்ந்திருக்கிறது. எது என்பதை அதே மெஷின் சொல்லும், யாரும் கேட்பதில்லை. பேப்பரில் எஸ்.ஏ.ஐ. அல்லது கே.பி.ஐ. என்று ஒரு எண் இருக்கும், அடிக்காமல் விட்டிருந்தால் அடித்துத் தரச் சொல்லுங்கள். சக்கரம் திரும்புகிற அச்சு பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. அதையும் கேம்பரையும் கூட்டுங்கள் (கேம்பர் மைனஸ் என்றால் கழியுங்கள்). இடது பக்கத் தொகையும் வலது பக்கத் தொகையும் ஒத்துப்போனால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்புகிற பாகம்) வளையவில்லை, லோயர் ஆர்ம் வளைந்திருக்கும் அல்லது சப் ஃப்ரேம் (லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கிற அடிச்சட்டம்) நகர்ந்திருக்கும். தொகை வேறுபட்டால் ஸ்ட்ரட் அல்லது நக்கிள்தான் வளைந்திருக்கிறது. இந்த ஒரு கூட்டல் கணக்கில் அந்த மூன்று பாகங்களின் எஸ்டிமேட் ஒன்றாகவோ இரண்டாகவோ குறைய வாய்ப்பிருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு பக்கம் கேம்பர் மைனஸில் கூடி, மறுபக்கம் அதே அளவுக்குப் பிளஸ்ஸில் போயிருந்தால் சப் ஃப்ரேம் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைக்கு சப் ஃப்ரேமை இறக்கி ஏற்றிய வண்டிகளில் பள்ளமே இல்லாமல்கூட இது வரும். போல்ட்டைத் தளர்த்தி நடுவுக்கு இழுத்து இறுக்கினால் போதும், பார்ட்ஸ் செலவே கிடையாது.

ஹைட்ராலிக் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அது பிடிக்காது. வளைந்த இரும்பைச் சூடில்லாமல் எதிர்த் திசையில் இன்னொரு முறை வளைத்தால் எண் பச்சைக்கு வரும், ஆனால் வளைந்த பாகத்தைத்தான் நிமிர்த்துகிறாரா, அல்லது நன்றாக இருந்த வேறொன்றை வளைத்துக் கணக்கை நேர் செய்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? ஸ்ட்ரட் ராடு லேசாக வளைந்தாலும் உள்ளே சீல் தேய்ந்து எண்ணெய் கசியும். நக்கிளில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது, தெரிகிற அன்றைக்குச் சக்கரம் தனியாக ஓடும். மிகச் சின்ன வித்தியாசம் என்றால் ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கிற இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, ஓட்டையில் இருக்கிற இடைவெளி அளவுக்குத் தள்ளி இறுக்கிப் பார்க்கலாம், அதற்கென்றே கேம்பர் போல்ட்டும் கிடைக்கிறது. அது நியாயமான வழி.

வீட்டிலேயே டோ பார்க்க வழி உண்டா? எங்கள் ஊரிலிருந்து மெஷின் இருக்கிற கடை ரொம்ப தூரம். – ஏற்காடு வாசகர்

உண்டு. மில்லிமீட்டர் சுத்தமாக வராது, ஆனால் பெரிய கோளாறு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். டேப், சாக்பீஸ், உதவிக்கு ஒரு ஆள், மட்டமான சிமென்ட் தரை வேண்டும். மலையில் அந்தத் தரைதான் கஷ்டம்!

காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து வண்டியைக் கையால் கொஞ்ச தூரம் முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். பின்னோக்கித் தள்ளக் கூடாது, ஜாக்கி போடக் கூடாது, இரண்டிலும் சக்கரங்கள் இயல்பாக நிற்கிற நிலை மாறிவிடும். இப்போது முன் டயர்கள் இரண்டின் பின்புறத்திலும், தரையிலிருந்து ஒரே உயரத்தில், ஒரே பட்டன் வரியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அச்சு உயரத்தில் போட்டால் நல்லது, ஆனால் எஞ்சின் குறுக்கே நிற்கும், அதனால் டேப் தடங்கலில்லாமல் போகிற உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கோடு அளந்து எழுதிவையுங்கள். அப்புறம் அதே கோடுகள் டயரின் முன்புறத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னால் தள்ளி மறுபடியும் அளந்து பாருங்கள். புதுசாகக் கோடு போடாமல் அதே கோட்டை முன்னால் கொண்டுவருவதில்தான் விஷயம் இருக்கிறது, ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாக வந்து கழிந்துவிடும்.

பின் அளவு அதிகமென்றால் டோ இன், முன் அளவு அதிகமென்றால் டோ அவுட். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் தூரத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய்விடுங்கள். டை ராடை நீங்களே திருகாதீர்கள், கால் சுற்றிலேயே கணிசமாக மாறிவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்? – பல வாசகர்கள்

பொதுவாகப் பத்தாயிரத்துக்கு ஒரு முறை. டயரை இடம் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துவிடலாம். டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இவற்றில் எதைக் கழற்றினாலும் கிலோமீட்டர் பார்க்காமல் உடனே பாருங்கள். செய்வதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள பேப்பரை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே உங்கள் வண்டியின் மாடல்தான் அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், வேறு மாடலைத் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாம் பச்சை என்று காட்டினால் அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை.

எக்ஸ்யூவி700. அலைன்மென்ட் முடிந்ததும் டாஷ்போர்டில் ஒரு விளக்கு வந்துவிட்டது. கடையில் "தானாகப் போய்விடும்" என்கிறார்கள். – ஈரோடு வாசகர்

எந்த விளக்கு என்று எழுதவில்லை. ஸ்டீயரிங் அல்லது வண்டி சறுக்குகிற படம் என்றால், ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாருக்கு இப்போது நடு எது என்று தெரியவில்லை, ஸ்கேனர் மாட்டி மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே விட்டால் மின் ஸ்டீயரிங்கே ஒரு பக்கம் தள்ளப் பார்க்கலாம். உங்களுடையது அடாஸ் (கேமரா, ரேடார் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவுகிற வசதி) இருக்கிற மாடல் என்றால் முன் கண்ணாடியில் இருக்கிற கேமராவுக்கும் சரிபார்ப்பு தேவையா என்று சர்வீஸில் கேட்டுவிடுங்கள். தானாகப் போகும் என்று காத்திருக்க வேண்டாம்.

திருப்பத்தில் ஒடித்தால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நானே இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது. அலைன்மென்ட் பார்த்தும் மாறவில்லை. – தென்காசி வாசகர்

கேஸ்டர் குறைந்தால் இப்படி ஆகும், ஆனால் உங்கள் வண்டி எட்டு வருஷம் ஓடியது என்று எழுதியிருப்பதால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கும் என்று நினைக்கிறேன். வண்டி நிற்கும்போது ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே நின்று காயில் ஸ்பிரிங்கின் மேல் சுற்றில் விரலை லேசாக வையுங்கள், இடுக்கில் விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் சீராகச் சுற்றாமல் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு டங்கென்று விடுபட்டால் பேரிங்தான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும் என்பதால் அதற்கப்புறம் அலைன்மென்ட் எப்படியும் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் இன்னொரு தடவை காசு கொடுக்காதீர்கள்.